பரிசுத் தாள், ரிப்பன், மொய்க் கவர்: வீட்டில் பத்திரமாக வைப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரவேற்புக்குக் கிளம்பும் நேரத்தில் தாள் பீரோவின் மேலும், டேப் பிள்ளையின் பள்ளிப் பையிலும், கத்தரிக்கோல் சமையலறையிலும் கிடக்கும். மொய்க் கவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் தெருமுனைக் கடையில் புதிதாக ஒரு செட் வாங்குவோம். பழையது வீட்டில் கிடந்து வீணாகும். ஆண்டு முழுவதும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று பரிசு கொடுத்துக்கொண்டே இருக்கும் நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டின் வெயிலையும் ஈரத்தையும் பூச்சிகளையும், இடம் குறைந்த வீடுகளையும் மனதில் வைத்து எழுதியவை.

வீட்டில் என்னென்ன வைத்துக்கொண்டால் போதும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். இரண்டு மூன்று வடிவங்களில் ஐந்தாறு பரிசுத் தாள்கள், ஒரு பிரவுன் தாள் சுருள், இரண்டு நிற ரிப்பன், ஒரு செலோடேப், ஒரு இரு பக்க டேப், பத்து மொய்க் கவர், பெயர் எழுதும் சிறு அட்டைகள், ஒரு கருப்பு மைப் பேனா, ஒரு கத்தரிக்கோல், ஒரு அளவு நாடா. இவற்றோடு சின்னதும் பெரியதுமாக ஐந்தாறு பைகள்.

கத்தரிக்கோலையும் டேப்பையும் இதற்கென்றே தனியாக வாங்கிப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பொதுவான கத்தரிக்கோலை நம்பினால் அது என்றைக்கும் இடத்தில் இருக்காது. நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்தச் செலவு, மற்ற எல்லா ஏற்பாட்டையும்விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

தாளின் வடிவம் தேர்ந்தெடுக்கும்போது புள்ளி, கோடு, பூ, கோலம் போன்ற பொதுவானவற்றை எடுங்கள். அவை கல்யாணத்துக்கும் ஆகும், பிறந்தநாளுக்கும் ஆகும், ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆகும். கார்ட்டூன் படம் போட்ட தாள் ஒரே ஒரு வயதுக் குழந்தைக்குத்தான் ஆகும். மீந்தால் அப்படியே கிடக்கும். கருப்புத் தாள் அழகாக இருந்தாலும் நம் ஊர் மங்கல நிகழ்ச்சிகளுக்கு எடுத்துப்போக மனம் வராது. அதை வாங்கவே வேண்டாம்.

எங்கே வைப்பது? பரணில் ஏற்றிவிடலாமா?

பரண் வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் பரண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட், இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். சித்திரை, வைகாசியில் பரணில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி ஓரத்தில் கசியும், பசைக் குச்சிகள் வளையும், பலூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டிய பொருளை அவசரத்துக்கு யாரும் எடுக்கப் போவதில்லை என்பது இன்னொரு காரணம்.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும். தாள் அந்த ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக நெளிந்துவிடும். சமையலறையில் எண்ணெய்ப் புகை தாளில் படியும். குளியலறைச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அலமாரிக்கும் இதே ஈரத் தொல்லை உண்டு.

நல்ல இடம் மூன்று. முதலாவது, உள்சுவரை ஒட்டிய பீரோ அல்லது அலமாரியின் நடுத்தட்டு. இரண்டாவது, கட்டிலுக்கு அடியில், தரையில் நேரடியாகப் படாமல், மூடியுள்ள தட்டையான பெட்டி. மூன்றாவது, படுக்கையறைக் கதவின் பின்பக்கம் மாட்டும் துணிப் பைத் தொங்கல். செருப்பு வைக்கப் பல அறைகளோடு விற்கிறார்களே, அதேதான். ஒவ்வொரு அறையிலும் ரிப்பன், டேப், கவர் என்று வைத்தால் பார்த்ததும் எடுக்கலாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்குக் கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி போதும்.

எங்கே வைத்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தாள் ஓரிடம், டேப் வேறிடம் என்று பிரித்தால் பெட்டி வாங்கியதே வீண்.

தாளைச் சுருட்டி வைப்பதா, மடித்து வைப்பதா?

சுருட்டி வைப்பதே நல்லது. நம் ஊர்க் கடைகளில் பரிசுத் தாள் பெரும்பாலும் தனித் தனித் தாளாகவே விற்கிறது. ஏறக்குறைய 50 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளம், அதாவது 20க்கு 30 இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் அதை நான்காக மடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார். வாங்கும்போதே "மடிக்காமல் சுருட்டிக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். பளபளப்பான உலோக நிறத் தாளில் ஒரு முறை மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். பிறகு எதைச் செய்தாலும் அது போகாது.

சுருட்டும்போது குறுகிய பக்கத்தை உருளையின் நீளமாகக் கொள்ளுங்கள். உருளை 50 செ.மீ. நீளத்தில் அடங்கும். படம் உள்பக்கமாக இருக்கட்டும். வெளியே இருந்தால் உரசி மங்கும். ஐந்தாறு தாள்களை ஒன்றாகவே சுருட்டலாம்.

சுருளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். நம் வெயிலில் ரப்பர் பேண்டு சில மாதங்களில் இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டு பழுப்புக் கறையை விட்டுச்செல்லும். அதற்குப் பதில் பழைய பிளாஸ்டிக் வளையலோ உலோக வளையலோ எடுத்துச் சுருளின் மேல் மாட்டுங்கள். தாளை இறுக்காது, கசக்காது, கழற்றுவதும் சுலபம். ஒவ்வொரு வீட்டிலும் ஜோடி தொலைந்த வளையல்கள் குறைந்தது நான்கு இருக்கும்.

வீடு கட்டும்போதோ குழாய் வேலை பார்க்கும்போதோ மிஞ்சிய நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய்த் துண்டு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதை இரண்டடி நீளத்துக்கு அறுத்து, உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இரு பக்கமும் மூடி போட்டால் தாள்களுக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. எலி எளிதில் கடிக்க முடியாது, பூச்சி நுழையாது, மேலே ஏதாவது விழுந்தாலும் நசுங்காது. கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடலாம், கதவுக்குப் பின்னால் நிறுத்தியும் வைக்கலாம். குழாய் இல்லாவிட்டால் துணிக்கடையில் கேளுங்கள். துணி சுற்றி வருகிற அட்டைக் குழல்களைப் பல கடைகளில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் தாளைச் சுற்றி, பழைய வேட்டித் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டால் தூசி படாது.

மடித்துத்தான் வைக்க முடியும் என்ற நிலை இருந்தால் பட்டுப்புடவை வரும் அட்டைப் பெட்டி பொருத்தமானது. தாளை நான்காக மடித்தால் ஏறத்தாழ 10க்கு 14 இஞ்சில் வந்து நிற்கும். அழுத்தித் தேய்க்காமல், விரலால் லேசாக மடித்து வையுங்கள். பிரவுன் தாள், பூப் போட்ட சாதாரணத் தாள் ஆகியவை மடிப்பைத் தாங்கும். உலோக நிறத் தாளும் டிஷ்யூ தாளும் தாங்காது.

எந்தப் பெட்டி நல்லது?

மூடி இறுக்கமாகப் பொருந்தும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இருப்பது தெரிந்தால் தீர்ந்துபோனதும் தெரியும். பழைய இரும்பு டிரங்குப் பெட்டி இருந்தால் அதுவும் உத்தமம். உள்ளே துரு இருந்தால் தேய்த்துவிட்டு, அடியில் ஒரு பருத்தித் துணி விரித்து, தரையில் படாமல் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றுங்கள்.

மளிகைச் சாமான் வந்த அட்டைப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அந்த அட்டையின் நெளிவு இடுக்குகளில்தான் கரப்பான் முட்டையிடும். அதை ஒட்டியிருக்கும் பசையே அதற்குத் தீனி.

கையில் ஒரு தாள்தான் இருக்கிறது. என் பரிசுப் பெட்டிக்குப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெட்டும் முன் அளந்துவிட வேண்டும். இரண்டு அளவு தேவை. பெட்டியைச் சுற்றிவரும் சுற்றளவோடு மூன்று செ.மீ. சேர்த்தால் ஒன்று. பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைச் சேர்த்தால் இன்னொன்று.

25 செ.மீ. நீளம், 18 அகலம், 8 உயரமுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அகலமும் உயரமும் 26, அதன் இரு மடங்கு 52, மூன்று சேர்த்தால் 55. நீளம் 25, உயரத்தின் ஒன்றரை மடங்கு 12, மொத்தம் 37. ஆக 55க்கு 37 செ.மீ. வேண்டும். 70க்கு 50 தாளில் தாராளமாக அமையும். ஓரத்தில் 15 செ.மீ. பட்டை ஒன்றும் மிஞ்சும். பிரவுன் தாளில் சுற்றிய பெட்டியின் நடுவே அந்தப் பட்டையை ஒட்டினால் அவ்வளவு லட்சணமாக இருக்கும். பெயர் அட்டையும் அதிலிருந்தே வெட்டலாம். அதனால் நான்கு விரல் அகலத்துக்கு மேல் உள்ள துண்டுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதைவிடச் சிறியதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பெட்டி அடைவது பெரும்பாலும் இந்தத் துணுக்குகளால்தான்.

இந்தக் கணக்கைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அளவு நாடாவும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் பார்த்து வெட்டலாம்.

மழைக்காலத்தில் மொய்க் கவர்கள் தானாகவே ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

கவரின் மடலில் இருக்கும் பசை ஈரம் பட்டால் ஒட்டக்கூடியது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றில் உள்ள ஈரமே அதற்குப் போதும். வாங்கி வந்த அன்றே ஒவ்வொரு மடலுக்கும் அடியில் ஒரு விரல் அகலத்தில் பட்டர் பேப்பர் துண்டைச் செருகி, எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். மடலில் பசையில்லாத கவராக வாங்குவது இன்னும் சுலபம். எடுக்கும் அன்று பசை தடவிக்கொள்ளலாம்.

முன்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர்கள் இன்னொரு தொல்லை தரும். எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் நாணயங்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்து, கட்டு ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். அடியில் உள்ள கவரில் வட்டமாகத் தடம் பதிந்துவிடும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

கவரின் மூலையில் மஞ்சள் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில், பணம் வைத்து எடுத்துப்போகும் அன்று வைத்தால் போதும். முன்கூட்டியே வைத்தால் பக்கத்துக் கவருக்கும் மஞ்சள் ஏறும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட வெற்றுக் கவரை ஒரு ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். பசை இறுகி மொறுமொறுப்பாகும். உடனே எடுத்து மெல்லிய ஸ்கேலை விட்டுப் பிரித்தால் பெரும்பாலும் கிழியாமல் வந்துவிடும். நீராவியில் காட்டினால் தாள் நெளிந்து அச்சு கலங்கிவிடும்.

தாளைப் பூச்சி அரிக்கிறது. அந்துருண்டை போடலாமா?

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். தாளின் ஓரம் ரம்பப் பல்போல ஒழுங்கற்று அரிக்கப்பட்டு, நடுவில் அச்சு மட்டும் சுரண்டியதுபோல் மெலிந்திருந்தால் அது ராமபாணப் பூச்சி. வெள்ளி நிறத்தில் மீன்போல் நெளிந்து ஓடும். தாளில் உள்ள மாவுச் சத்தும் பசையும் அதன் உணவு. இருட்டும் ஈரமும் இருந்தால் பெருகும். ஈரம் இல்லாத இடத்தில் அதிக நாள் நிலைக்காது. மண் பூசிய தடம் தெரிந்தால் கரையான். அப்போது பெட்டியை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, சுவரையும் கதவு நிலையையும் பார்க்க வேண்டும். மிளகுத் தூள்போலக் கருப்பு எச்சம் இருந்தால் கரப்பான்.

அந்துருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாள் அந்த வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் சட்டையை அந்த நெடியோடு சுற்றிக் கொடுப்பது முறையல்ல. அதைவிட முக்கியமானது உடல்நலம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகள் அந்துருண்டையின் ஆவியைச் சுவாசித்தாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து நோய்வாய்ப்படக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பரிசு கொடுப்பவருக்குத் தெரியாது. மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்தவர்கள் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு போன்றவற்றைத் துணியில் முடிந்து வைத்தார்கள். நம் பெட்டிக்கும் அது பொருந்தும். இரண்டு துண்டு வசம்பும் ஒரு பிடி கிராம்பும் மெல்லிய துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். வாசனை போனதும் மாற்றுங்கள். வேப்பிலை போடுவதானால் நிழலில் சருகாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். பச்சை இலை தன் ஈரத்தைத் தாளுக்குக் கொடுத்துவிடும்.

ஆனாலும் பூச்சியை உண்மையில் தடுப்பது ஈரமில்லாமை. புதுச் செருப்பு, கைப்பை, மின்சாதனப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து நான்கைந்தை உள்ளே போடுங்கள். பெட்டி இறுக்கமாக மூடியிருந்தால்தான் அது வேலை செய்யும். திறந்த தட்டில் போட்டால் அறையின் ஈரம் முழுவதையும் அது உறிஞ்ச முடியாது. ஈரம் உறிஞ்சட்டும் என்று அரிசி முடிச்சு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வண்டைத்தான் வரவழைக்கும்.

டேப்பின் நுனியைத் தேடியே நேரம் போகிறது. அதோடு ஓரமெல்லாம் அழுக்கு.

பயன்படுத்தி முடித்ததும் நுனியில் ஒரு தீக்குச்சியை ஒட்டி அதன் மேல் டேப்பை ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். அழுக்குக்குக் காரணம், பக்கவாட்டில் வெளியே தெரியும் பசையில் தூசி ஒட்டுவதுதான். தனி ஜிப் கவர் அதைத் தடுக்கும். பழுப்பேறிய டேப்பைப் பரிசுக்குப் பயன்படுத்தாதீர்கள், பெட்டி கட்ட வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஆறு டேப் வாங்கினால் ஆறாவதை எடுக்கும்போது பசை போயிருக்கும். ஒன்றோ இரண்டோ போதும்.

ரிப்பன் சிக்கலாகாமல் எப்படி வைப்பது?

நூல் தீர்ந்த கூம்பு, அல்லது கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய நான்கு விரல் அகலத் துண்டு, இரண்டில் எதிலாவது சுற்றுங்கள். அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து ரிப்பன் நுனியை அதில் செருகிவிட்டால் அவிழாது. குண்டூசி குத்தாதீர்கள். கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து ரிப்பனில் கறை விழும்.

மடிப்பு விழுந்த சாட்டின் ரிப்பனை இஸ்திரிப் பெட்டியின் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்த்தால் நேராகும். கடையில் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டர். சூடு அதிகமானால் சுருங்கி உருகிவிடும். நுனி பிரியும் ரிப்பனைச் சாய்வாக வெட்டி, விளக்குச் சுடரின் பக்கத்தில், சுடர் படாமல் ஒரு நொடி காட்டினால் இழை ஒட்டிக்கொள்ளும்.

பிரித்த தாளை மறுபடி பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் பிரிக்கும்போதே அது முடிவாகிவிடுகிறது. டேப்பைப் பிடித்து இழுத்தால் தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். பிளேடின் முனையை டேப்பின் நடுவே, இரண்டு தாளும் சேரும் கோட்டில் வைத்து மெதுவாக இழுங்கள். தாள் முழுதாகக் கைக்கு வரும். பிறகு டேப் ஒட்டிய ஓரத்தை மட்டும் இரண்டு செ.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டால் சுத்தமான தாள் கிடைக்கும், முன்பைவிடக் கொஞ்சம் சிறியதாக. சாதாரணத் தாளானால் பின்பக்கத்தில் துணி போட்டு லேசான சூட்டில் தேய்க்கலாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ளதைத் தேய்க்காதீர்கள்.

குழந்தைகள் தாளைக் கிழித்துத்தான் பரிசைப் பிரிப்பார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். அந்த மகிழ்ச்சிக்காகத்தானே சுற்றுகிறோம்.

பழைய மாதக் காலண்டர் தாளும் பரிசு சுற்ற நன்றாக இருக்கும். சிவகாசியில் அச்சாகி வரும் பெரிய காலண்டர்களின் தாள் கனமானது, மடிப்பு எடுப்பாக நிற்கும். வெள்ளைப் பின்பக்கத்தை வெளியே வைத்துச் சுற்றி, ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினால் போதும். சாமி படம் உள்ள தாளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கிழிபட்டுக் காலில் மிதிபடுவதைப் பலர் விரும்ப மாட்டார்கள்.

கட்டைப்பை, தாம்பூலப் பை, பரிசுப் பை எல்லாம் குவிந்துவிட்டன. எதை வைப்பது?

தரையில் கொட்டி மூன்று அளவாகப் பிரியுங்கள்: புத்தகம் அடங்குவது, சட்டை அடங்குவது, பாத்திரம் அடங்குவது. ஒவ்வோர் அளவிலும் நல்லதாக மூன்றோ நான்கோ மட்டும் வைத்து, தட்டையாக மடித்து, ஒரு பெரிய பைக்குள் கோப்புகள் போலச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது என்றைக்கும் வெளியே வராது. மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பையில் வேறு ஒருவருக்குப் பரிசு கொடுக்க முடியாது. அது காய்கறிக்குப் போகட்டும்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அழகான துணிப் பைகள் பல கடைகளில் கிடைக்கின்றன. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க அவற்றைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வாங்கியவரும் தூக்கி எறிய மாட்டார்.

இனிப்புப் பெட்டியைக் கண்ணாடித் தாளில் சுற்றலாமா? நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.

புதிதாக வாங்காதீர்கள். இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் படலத்தையும், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியையும் மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. கண்ணாடித் தாள் என்ற பெயரில் இன்று விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மரக்கூழில் செய்யும் உண்மையான செலோஃபேன் அரிது. கையில் இருப்பதை அலமாரித் தட்டில் விரிக்கவோ புத்தகத்துக்கு அட்டை போடவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். இனிப்புப் பெட்டிக்கு ஒரு ரிப்பன் குறுக்கே கட்டினாலே போதும்.

சீர்வரிசைத் தட்டு அலங்காரப் பொருள்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றையும் இதே பெட்டியில் வைக்கலாமா?

தனியாக வையுங்கள். சம்கி, குந்தன், ஜிகினாத் தூள் ஆகியவை ஒரு முறை கொட்டினால் எல்லாத் தாளிலும் ஒட்டும். மாத்திரை டப்பா, அறைகள் உள்ள அஞ்சறைப் பெட்டியின் பழைய கிண்ணங்கள், மூடி இறுகும் சிறு பாட்டில்கள் இவற்றுக்குச் சரி. செயற்கைப் பூக்களை நசுக்காமல் ஷூ பெட்டியில் வையுங்கள். பூந்தோரணம், முத்துச் சரம் போன்றவற்றை ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டால் சிக்காது.

நமக்கு வந்த பரிசை வேறு ஒருவருக்குக் கொடுப்பதற்காக எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம். மூன்று சுவர்க் கடிகாரங்களை ஒரே வீட்டில் மாட்ட முடியாது. ஆனால் யார் கொடுத்தது, எந்த நிகழ்ச்சிக்கு, எந்த மாதம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். அந்தக் குடும்பத்துக்கோ, அவர்கள் வரும் விழாவுக்கோ அது திரும்பிப் போகக் கூடாது. மொய் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியும் எழுதலாம். கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து உள்ளே பழைய வாழ்த்து அட்டை இருக்கிறதா, கண்ணாடிப் பொருள் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் பொறித்ததைக் கொடுக்கவே கூடாது. அன்போடு தேடி வாங்கிய பொருளையும் கொடுக்காதீர்கள், பயன்படுத்துங்கள்.

சென்னையில் மொத்தக் கடையில் வாங்கினால் மலிவாமே?

மலிவுதான். பாரிமுனை ஆண்டர்சன் தெருவும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் தாளுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பெயர்போனவை. வீட்டில் கல்யாணமோ வளைகாப்போ வைத்திருப்பவர் அங்கே போவதில் லாபம் உண்டு. மற்றபடி ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பரிசு கொடுக்கும் குடும்பம் டஜன் கணக்கில் வாங்கினால், பாதி நிறம் மங்கியோ அரிக்கப்பட்டோ போகும். அக்கம்பக்கத்து வீட்டார் இருவரோடு பங்கு போட்டு வாங்கினால் விலையும் குறையும், விதவிதமான தாளும் கிடைக்கும்.

ஆண்டுக்கு எத்தனை முறை பெட்டியைச் சுத்தம் செய்வது? எப்போது?

இரண்டு முறை. முதல் முறை ஆடியில். பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் பெட்டி சும்மா இருக்கும். காற்று வறண்டு வீசும். ஆவணி முகூர்த்தங்களும் தொடர்ந்து நவராத்திரியும் தீபாவளியும் வரப்போவதால் என்ன தீர்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கவும் சரியான சமயம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பி, பெட்டியை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தாளை வெயிலில் போடாதீர்கள், நிறம் வெளுக்கும். மின்விசிறிக் காற்று போதும். மொய்க் கவருக்குப் பட்டர் பேப்பர் செருகுவது, சிலிக்கா ஜெல் மாற்றுவது எல்லாம் அப்போதே முடிந்தால் மழைக்காலத்துக்குப் பெட்டி தயார்.

இரண்டாவது முறை மார்கழிக் கடைசியில், போகிக்கு வீடு ஒழிக்கும்போது. மழை ஈரம் பட்டவற்றை அப்போது ஒதுக்குங்கள். ஒதுக்கிய தாளையும் பிளாஸ்டிக் ரிப்பனையும் போகி நெருப்பில் போடாதீர்கள். பூச்சுத் தாளும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் புகை, ஏற்கெனவே பனி மூடிய அந்த விடியற்காலையில் கீழேயே தேங்கி நிற்கும்.

அப்படியானால் ஒதுக்கியதை என்ன செய்வது?

தாளைக் கைக்குள் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே நின்றால் அது தாள். பழைய பேப்பர்க் கடைக்குப் போடும் செய்தித்தாளோடு கட்டிவிடலாம், டேப் ஒட்டிய பகுதியை வெட்டிவிட்டு. கையைத் திறந்ததும் விரிந்து எழுந்தால் அது பிளாஸ்டிக் படலம், அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள். உலர் குப்பையில் தனியாகப் போடுங்கள். ஜிகினாத் தூள் ஒட்டியதையும் பேப்பர்க் கட்டில் சேர்க்காதீர்கள். பாதி நன்றாக இருக்கும் வண்ணத் தாள்களைப் பக்கத்து அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் வெட்டி ஒட்ட வாங்கிக்கொள்வார்கள்.